மலர்வளையம் இல்லீங்க!

"ஏங்கண்ணு, வாசக்கதவுல என்னத்துக்கு மலர்வளையம்?" என்று அம்மா படியிலேயே நின்றுவிட்டார். நம் ஊரில் வட்டமாகப் பூக்கட்டினால் ஒரே ஒரு காரியத்துக்குத்தானே! கிட்டே இழுத்து வந்து காட்டினேன். பூ இல்லை, சதைப்பற்றான சக்குலன்ட் செடிகளின் துண்டுகள் 50 சொச்சம், அத்தனையும் உயிரோடு. "குண்டு குண்டா இருக்குதே!" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல ஓர் இலையைக் கிள்ளினார்.

எனக்கு இந்தப் பித்துப் பிடித்து ஒரு வருடமாகிறது. இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

12 அங்குலக் கம்பி வளையம் ஒன்று. ஆர்க்கிட் செடிக்கு வைக்கும் காய்ந்த பாசியை ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, கம்பியைச் சுற்றி அப்பி, தூண்டில் நரம்பால் இறுக்கினால் மெத்தை தயார். பென்சிலால் குத்திக் குத்தித் துண்டுகளைச் செருகவேண்டியதுதான். சாம்பல் ரோஜா நிறத்தில் கிராப்டோபெட்டலம், இடுக்குகளில் வழிகிற சீடம், நடுநாயகமாக எச்சிவேரியா. அதற்கு அந்தப் பெயர் மெக்சிகோ நாட்டுச் செடி ஓவியர் ஒருவரிடமிருந்து வந்தது. பொருத்தம்தான், ஒவ்வொன்றும் வரைந்து வைத்ததுபோலத்தான் இருக்கிறது! நர்சரியில் 'ஜேடு' என்று விற்கிறார்களே, அதில் பாதி அசல் ஜேடு அல்ல. தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேயும் போர்ச்சுலகேரியா. கோவை வெயிலுக்கு அசராதது அதுதான்.

முதல் வளையத்தைச் சொதப்பினேன். வெட்டின கையோடு செருகியதில் ஒரே வாரத்தில் பாதி கொழகொழத்துவிட்டது. வெட்டிய துண்டுகளை நிழலில் 4 நாள் சும்மா போட்டுவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டணும். செடியை நறுக்கிவிட்டுத் தண்ணீர் காட்டாமல் இருப்பதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்! செருகிய பிறகும் ஒரு மாதம் படுக்கப்போட்டே வைத்து, வேர் பிடித்ததும் மாட்டினேன். இப்போது பாசி காய்ந்தால் ஒரு முக்கு, அவ்வளவே. மழை மட்டும் படக்கூடாது.

இதெல்லாம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பகலில் வாயை மூடிக்கொண்டு ராத்திரியில் மூச்சு விடுகிற ஜாதி இது. இரவில் இழுத்த காற்றை அமிலமாக்கி இலைக்குள் சேர்த்துவைத்து, பகலில் எடுத்துச் செலவழிக்கிறது. தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதே ஜாதியான ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்றாகிறது என்று மென்று பார்த்து எழுதினார். 1815இல் அது அச்சாகியது. மென்று பார்த்திருக்கிறார் மனிதர்!

அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "அம்மாயி வாசல்ல கத்தாழையத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டாங்களே, மண்ணு இல்ல, தண்ணி இல்ல, மாசக்கணக்கா பச்சையா நின்னுச்சே, அந்த மாதிரிதான?" அதே மாதிரிதான். திருஷ்டிக்கென்று கட்டியது, நானோ பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் இதில் விழவேண்டும் என்று மாட்டியிருக்கிறேன்.

கிளம்பும்போது அடியில் உதிர்ந்த கிராப்டோபெட்டலம் இலைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மண்மேல் போட்டால் போதும், ஒவ்வோர் இலையும் ரோஜா நிற வேர்விட்டுக் குட்டி போடும். போன வாரம் போன் வந்தது.

"கண்ணு, அந்தக் கம்பி வளையம் எங்க கிடைக்கும்? பெருசா ரெண்டு வேணும்."