கட்டுச்சோறு கட்டும் கை

ஆடி 18 அன்று பவானி கூடுதுறைக்கோ பேரூர் நொய்யல் படித்துறைக்கோ கிளம்பும் கொங்கு நாட்டுக் குடும்பங்களோடு கூடவே செல்லும் கட்டுச்சோறு, அதாவது வழியில் உண்பதற்கென இலையில் பொதிந்து கட்டிய சோறு, குப்பை சேராத பயணத்தைக் கைப்பழக்கமாகவே வைத்திருக்கும் எளிய கலையாகும். பச்சை வாழையிலை மடித்தால் நரம்போடு கிழியும் என்பதால், அதைத் தணலின் மேல் மெல்ல நகர்த்தி, நிறம் அடர்ந்து பளபளப்பு ஏறித் துணிபோல் குழையும் பதத்தில் எடுக்கவேண்டும். இதுவே இலையை வாட்டுதல் எனப்படுகிறது. சோற்றை உதிரியாக ஆறவிட்டு, நல்லெண்ணெயில் சுண்டிய புளிக்காய்ச்சலைப் பிசைவதற்கும் அதே பொறுமை வேண்டும், ஏனெனில் சூட்டோடு கட்டிய சோறு உள்ளே நீர்கோத்து ஊசிப்போகும்.

விளிம்புகளை உள்ளே மடித்து, நனைத்த வாழைநாரால் இறுக்கிய பொட்டலங்களுக்குத் துணையாக, தூக்குப்போசி என்னும் பிடியும் மூடியும் கொண்ட பாத்திரத்தில் தயிர்ச்சோறு வர, படியிறங்குகையில் அதன் பிடி கிணுகிணுக்கிறது. நாரை அவிழ்த்ததும் வாட்டிய இலையின் மணமும் புளிக்காய்ச்சலின் காரமும் வறுத்த நிலக்கடலையின் வாசமும் ஒன்றாக எழ, பொட்டலமே தட்டாக விரிகிறது. உண்டபின் இலையும் நாரும் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகின்றன, கழுவிய போசி வீடு திரும்புகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாள்களும் தட்டுகளும் தடைசெய்யப்பட்டபோது, இந்தக் கட்டுச்சோற்றில் மாற்றவேண்டியது எதுவும் இருக்கவில்லை.