கிளட்சே இல்லாத கிளட்ச்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்ற ஊரில் தயாரான பழைய வீல் ஹார்ஸ் கார்டன் டிராக்டரில் கிளட்ச் பெடல் உண்டு, கிளட்ச் கிடையாது. பெடலை மிதித்தால் வண்டி நிற்கும், காலை எடுத்தால் நகரும். ஆனால் கீழே குனிந்து எவ்வளவு தேடினாலும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் என்று எதுவும் அகப்படாது. எஞ்சினில் ஒரு புல்லி, கியர் பெட்டியில் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு வி பெல்ட். அந்தப் பெல்ட்டை அழுத்தி விறைப்பாக வைத்திருக்கும் ஐட்லர் புல்லி, ஐட்லரை இழுத்துப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். மிதித்தால் ஐட்லர் விலகுகிறது, பெல்ட் தொய்கிறது, எஞ்சின் புல்லி தொய்ந்த பெல்ட்டுக்குள் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இயந்திரங்களில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்மர் பாண்டும் அவர் மகன் செசிலும் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல் தொடங்கிய தொழில் இது. நகரத்தை விட்டு வெளியே போய், வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர் அரை ஏக்கர் என்று நிலம் வைத்துக்கொண்ட அமெரிக்கக் குடும்பங்களுக்கு, கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் பனி தள்ளவும் ஒரே வண்டி தேவைப்பட்டது. 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் இந்தக் கம்பெனியை வாங்கியது; 1986-ல் டோரோ. அந்த எழுபதுகளின் சி-120 மாடல்தான் என் விருப்பம். 12 குதிரைத்திறன் கோலர் எஞ்சின், முன்னே ஆறும் பின்னே இரண்டுமாக எட்டு கியர். இன்றும் ஓடுகின்றன. ஓடாமல் நிற்பவற்றில் பலவற்றின் நோய் இந்தப் பெல்ட் பாதையில்தான் இருக்கும்.

பெல்ட் என்றாலே இளக்காரம் பேசும் ஒரு கட்சி உண்டு. அவர்கள் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட்டைக் காட்டுவார்கள். 1961 மாடலாக வந்த முதல் கப் கேடட்டில் எஞ்சினுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே பெல்ட் இருந்தது. 1963-ல் வந்த 70, 100 மாடல்களில் பெல்ட்டை எடுத்துவிட்டு நேராக ஷாஃப்ட்டையே இணைத்தார்கள். வலுவான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கிளட்சில் கோளாறு வந்தால் அது ஷாஃப்ட்டின் மேலேயே ஒளிந்திருக்கும்: அமுங்கியிருக்கும் ஸ்பிரிங், தேய்ந்த பின், துளை நீண்டுபோன ஷாஃப்ட். வெளியே இழுத்துப் பிரித்தால்தான் தெரியும். வீல் ஹார்ஸில் வலது பக்கத்து பெல்ட் கவரைக் கழற்றியதும் மொத்த விஷயமும் கண்முன். நோயைப் பார்க்க முடிகிற வடிவமைப்பு எனக்கு நோயே வராத வடிவமைப்பைவிட ஒரு படி மேல். (பின்னது உலகில் இல்லை என்பது வேறு.)

வி பெல்ட்டின் சூட்சுமம் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. புல்லியின் பள்ளம் ஆப்பு வடிவம், பெல்ட்டும் ஆப்பு. இழுக்க இழுக்க பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களுக்கு நடுவே இறுகுகிறது. பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால், தட்டைப் பெல்ட்டைவிடப் பிடிப்பு ஏறக்குறைய 3 மடங்கு. அந்தப் பிடிப்பு முழுவதும் பக்கச் சுவர்களால் வருவது. பெல்ட் தேய்ந்து ஒல்லியாகி பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு ஆப்பாக இருக்காது. எவ்வளவு விறைத்தாலும் நழுவும். புல்லிக்குள் எட்டிப் பாருங்கள். அடிப்பகுதி பளபளவென்று மின்னினால், அந்தப் பெல்ட்டின் கதை முடிந்தது. அல்லது புல்லியின் சுவர்கள் தேய்ந்திருக்கின்றன.

நம் வீட்டு கிரைண்டரில் மாவு கெட்டியானதும் பெல்ட் ஒரு சத்தம் போடுமே, அதே சத்தம் இங்கேயும் வரும். கேட்டவுடன் புது பெல்ட் வாங்க ஓடுவதுதான் பொதுவான வழக்கம். நான் அதை ஏற்கமாட்டேன். பத்துக்கு ஏழெட்டு வண்டிகளில் பெல்ட் குற்றவாளி அல்ல, சாட்சி. கழற்றி வெளிச்சத்தில் பிடித்து விசாரிக்க வேண்டும். இரு பக்கமும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் நெடுநாளாக நழுவியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நூல் பிரிந்திருந்தால் இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லை. பெல்ட் முழுக்க நன்றாக இருந்து ஓரிடத்தில் மட்டும் கருகிக் குழி விழுந்திருந்தால், எப்போதோ பெல்ட் நகராமல் நிற்க, எஞ்சின் புல்லி அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே சுற்றியிருக்கிறது. வண்டி எங்கோ சிக்கி நின்றிருக்கும், அல்லது பெடலைப் பாதி மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்கும் கால் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது.

நழுவலுக்கு அடுத்த சந்தேகம் ஸ்பிரிங் என்பார்கள். எனக்கு முதல் சந்தேகம் ஐட்லர் புல்லியைத் தாங்கும் கை திரும்பும் முளையின் மேல். ஐம்பது வருஷ மழையும் பனியும் புல்லின் சாறும் அங்கேதான் சேர்ந்து துருவாகும். ஸ்பிரிங் இழுக்கிறது, கை வர மறுக்கிறது. பெடலைக் கையால் அழுத்தி மெதுவாக விடுங்கள். ஐட்லர் டக்கென்று வந்து பெல்ட்டில் உட்கார வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் கழற்றித் துருவைத் தேய்த்து எடுத்து கிரீஸ் வையுங்கள்.

ரசிகனுக்குப் பிடித்த கோளாறு இதற்கு நேர் எதிரானது. புது பெல்ட் போட்டாயிற்று, இழுவை அருமை. ஆனால் பெடலை முழுக்க மிதித்தும் வண்டி ஊர்கிறது, கியர் மாற்றப் போனால் கரகரவென்று பல் உரசுகிறது. இந்தக் கியர் பெட்டியில், பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோமெஷ் கிடையாது. உள்ளே போகும் புல்லி முழுவதும் நின்றால்தான் கியர் மாறும். தொய்ந்த பெல்ட் ஏன் புல்லியை விடவில்லை?

இங்கேதான் அந்த வடிவமைப்பின் நுட்பம். பெல்ட் வெறுமனே தொய்ந்தால் போதாது, எஞ்சின் புல்லியை விட்டு எழும்ப வேண்டும். தொய்ந்த பெல்ட் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். புல்லிகளை ஒட்டி வளைந்து நிற்கும் சாதாரண இரும்புக் கம்பிகள், தகடுகள் — பெல்ட் கைடுகள் — அந்த விரிவை வேண்டாத இடத்தில் தடுத்து, வேண்டிய இடத்துக்குத் தள்ளுகின்றன. பெல்ட் விறைப்பாக ஓடும்போது கைடு அதைத் தொடக் கூடாது. தொய்ந்தவுடன் தொட்டாக வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நடக்கிற விஷயம். யாரோ ஒருமுறை பெல்ட் மாற்றும் அவசரத்தில் கைடை நெம்பி வளைத்திருப்பார். அன்று முதல் இந்த வண்டி நிற்காத வண்டி. சில மாடல்களில் பெல்ட் கவருக்கே இந்த வேலையில் பங்கு உண்டு. கவரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பவருக்கு இல்லாத கோளாறும் தெரியும்.

கைடு சரியாக இருந்தும் ஊர்ந்தால் பெல்ட்டின் தோலைப் பாருங்கள். கிளட்ச் வேலைக்கு, சுற்றிலும் துணி போர்த்திய பெல்ட் வேண்டும். நழுவ வேண்டிய நேரத்தில் இதமாக நழுவும். வெட்டிய ரப்பர் விளிம்பு தெரியும் பெல்ட் புல்லியைக் கவ்விக்கொண்டு விடாது. உள்ளே ஓடும் நூலும் முக்கியம்: ஐட்லர் கொடுக்கும் வளைவையும் சூட்டையும் தாங்க கெவ்லார் வகை நூல் நல்லது. 1965-ல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த அதே இழை. பெல்ட்டில் அடிக்கும் பிசின் ஸ்பிரேயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் ஒரே பதில்: வேண்டாம். பிடிக்கவும் விடவும் தெரிந்த ஒன்றுக்கு ஒட்டிக்கொள்ள மட்டும் கற்றுக்கொடுப்பது அது.

சத்தங்களையும் தரம் பிரிக்கலாம். புறப்படும்போது மட்டும் கீச்சிட்டால் நழுவல். தொடர்ந்து முனகினால் ஐட்லர் பேரிங். சுற்றுக்கு ஒரு தடவை டொப் டொப் என்றால், குளிர்காலம் முழுக்க ஒரே நிலையில் நின்று பெல்ட் மடிப்பைப் பழகிவிட்டது. சற்று ஓடினால் பெரும்பாலும் சரியாகும். பெல்ட் ஒழுங்காகச் சுற்றியும் சக்கரம் அசையாவிட்டால் பெல்ட்டை விட்டுவிட்டு, புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவியைத் தேடுங்கள். ஷாஃப்ட்டின் முனையிலிருந்து புல்லி வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் சாவி அறுந்திருக்கிறது.

தொடும் முன் எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போன விரலுக்குப் புது பாகம் கிடைக்காது. பெல்ட் வாங்கும்போது பழையதை அளந்து அதே நீளத்தில் கேட்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டு போனது. வண்டியின் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.