மாஸ்டர் செக்கப்: எது தேவை, எது சுமை?

வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு எக்ஸ்ரே, ஈசிஜி, வயிற்று ஸ்கேன் என்று அரை நாளில் முடிகிறது மாஸ்டர் செக்கப். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இதை ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டுமா?

பேக்கேஜில் உள்ள சிலவற்றுக்கு 'வருமுன் காப்போம்' என்ற நியாயம் முழுமையாகப் பொருந்தும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் இருக்கும்; கண்டுபிடித்துவிட்டால் விலை குறைந்த மாத்திரைகளிலேயே கட்டுக்குள் வைக்கலாம். 30 வயது தாண்டியவர்களுக்கான அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம், இவ்விரண்டோடு வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களை மட்டும் குறிவைப்பதும் அதனால்தான்.

பட்டியல் நீளும்போது கதை மாறுகிறது. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகும் 'நார்மல்' அளவு, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுவது. நோயில்லாத 100 பேரில் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஏதேனும் ஒன்று பிசகி வருவதற்கான வாய்ப்பு சுமார் 64 சதவீதம். அதை உறுதிசெய்ய இன்னொரு ஸ்கேன், ஒரு பயாப்சி, இடையே தூக்கமில்லாத இரவுகள்.

தென்கொரியாவில் செக்கப்போடு, கூடுதல் கட்டணத்தில், தைராய்டு ஸ்கேனும் பரவலானது. 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 15 மடங்கு. அதனால் இறப்போர் விகிதமோ குறையவில்லை. ஒருபோதும் தொல்லை தந்திருக்காத கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுக்க மாத்திரைக்கு ஆளானார்கள்.

2.5 லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும், பொதுவான செக்கப்புகள் இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கெல்லாம் சளிக்குப் போனாலும் குடும்ப மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துவிடுவார். இங்கே காலில் புண் ஆறாதபோதுதான் பலருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியவருகிறது. ஆகவே செக்கப்பே வேண்டாம் என்பதும் நமக்கு ஒத்துவராது.

புகைபிடிக்கும் 50 வயதுக்காரருக்கும் 25 வயதுப் பெண்ணுக்கும் ஒரே பேக்கேஜை விற்பதுதான் கோளாறு. வயதும் குடும்பத்தில் உள்ள நோய்களும் பழக்கங்களும் பார்த்து மருத்துவர் எழுதித்தரும் நான்கைந்து சோதனைகள் போதும். அழுத்தம் 160 என்று வந்த ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு, மறு வருஷமும் காசு கட்டி அதே 160ஐத் தெரிந்துகொள்பவருக்கு எந்தப் பேக்கேஜும் உதவாது.