பழைய ஒலிபெருக்கியும் தமிழ்ச் செவியும்

ஜொகூர் பாரு நகரத்தார்க்குப் ‘பசார் காராட்’ என்ற பெயர் பழக்கமானது. காராட் எனும் மலாய்ச் சொல் துருவைக் குறிக்கும். பழம்பொருள்கள் கைமாறும் சந்தை என்பது பெயரிலேயே விளங்குகிறது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இயங்கிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டது. இத்தகைய இடங்களில், 1950க்கும் 1980க்கும் இடையே செய்யப்பட்ட வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தேடித் திரியும் சுவைஞர் கூட்டம் ஒன்று உண்டு. கூட்டம் சிறிது, ஆர்வமோ பெரிது. நல்ல நிலையிலுள்ள ஓர் இணைப் பெட்டிக்கு மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுக்கவும் அவர்கள் தயங்குவதில்லை. அவர்களுள் தமிழரும் உளர். ஆதலின் இவ்வார்வத்தைத் தமிழ் இசைச் சுவையோடு வைத்து ஆராய்வது தகும்.

“பழைய பெட்டியில் ஓர் இனிமை உண்டு, புதியதில் அது இல்லை” என்பது இவர்கள் வாயில் எப்போதும் இருக்கும் தீர்ப்பு. ஆனால் அந்த இனிமை மரத்திலிருந்து வருவதா, காந்தத்திலிருந்து வருவதா, தட்டிலிருந்து வருவதா, அன்றி இளமையில் கேட்ட நினைவிலிருந்து வருவதா என்று பகுத்துப் பார்ப்பவர் குறைவு. பகுத்துப் பாராத பாராட்டு விலையை ஏற்றுமேயன்றிச் சுவையை வளர்க்காது.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதையும் இங்கே சுட்டலாம். தமிழில் இதனை ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் பெருக்கும் தொழில் ஆம்பிளிபையருக்கு உரியது. இப்பெட்டியோ தன்பால் வரும் மின்னலைவைக் காற்றின் அசைவாக மாற்றித் தருவது மட்டுமே. கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாயையும், பேசுபவர் முன் நிற்கும் ஒலிவாங்கியையும், இவற்றை எல்லாம் ஏற்றிவரும் வண்டியையும்கூட ‘மைக்செட்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்! எனினும் பெருக்குவதே இதன் பெருமை என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் ஊன்றியமைக்கு இப்பெயரும் ஒரு காரணம் ஆகலாம்.

இனி இனிமையின் மூலத்தைக் காண்போம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர்களான ரைஸும் கெல்லாக்கும், காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியை 1925-இல் விளக்கி எழுதினர். இன்றும் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது அந்த அமைப்பே. மின்முறை இசைத்தட்டுப் பதிவு வணிகத்துக்கு வந்ததும் அதே 1925-இல்தான். தட்டும் கூம்பும் ஒருங்கே வளர்ந்தவை. ஒன்றின் குறையை மற்றொன்று அறியும்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டை எடுத்துக்கொள்வோம். 1930களிலும் 1940களிலும் வந்த அத்தகைய தட்டுகளில், பாட்டுக்குப் பயன்படும் ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 6,000 முதல் 8,000 அதிர்வு வரை இருக்கும். அதற்கு மேல் உள்ளது அரக்கும் கல்தூளும் முள்ளோடு உராயும் இரைச்சலே. எட்டு அல்லது பத்து அங்குல ஒற்றைக் காகிதக் கூம்பு கொண்ட ரேடியோகிராமின் ஒலியும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் தேயத் தொடங்கும். ஆகவே ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் தியாகராஜ பாகவதர் பாடியதையோ, ‘ஔவையார்’ (1953) படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பாடியதையோ பழைய தட்டில் வைத்துக் கேட்டால், குரல் முழுமையாக வருகிறது. இரைச்சல் வாயிலிலேயே தடுக்கப்படுகிறது. அதே தட்டை 20,000 அதிர்வு வரை வழுவின்றி ஒலிக்கும் புதுப் பெட்டியில் கேட்டால் மழையில் நனைந்த தகரக் கூரையின் கீழ் இருப்பது போலாகும். புதுப் பெட்டி பொய் சொல்லவில்லை. தட்டில் உள்ளதை எல்லாம் சொல்லிவிடுகிறது. பழைய பெட்டியின் இனிமை என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி, அதன் குறை தட்டின் குறையை மறைத்த இந்தப் பொருத்தமே ஆகும். இதனை உணர்ந்தவர் அதே பெட்டியில் இன்றைய பதிவு ஒன்றைக் கேட்டு அது மங்கலாக இருக்கக் கண்டால் வியப்படைய மாட்டார்.

அடுத்தது இணையைப் பற்றிய கேள்வி. இரு பெட்டிகளால் ஒலிக்கு இடமும் அகலமும் தரும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் பிளம்லைன் இங்கிலாந்தில் 1931-இலேயே காப்புரிமை கோரினார். அம்முறைத் தட்டுகள் மேனாட்டுக் கடைகளில் பரவியது 1958-இல். தமிழ்த் திரையிசைக்கு அது வந்து சேர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரில் படமாக்கிய காட்சிகளைக் கொண்டு 1978-இல் வெளிவந்த, இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ படத்தின் பாடல்களே ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் பாடல்கள் என்று பரவலாகக் கூறுவர். அதற்கு முந்திய தமிழ்த் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒற்றை வழிப் பதிவுகளே. ஜொகூரில் பழைய பெட்டி சேர்க்கும் தமிழர் விரும்பிக் கேட்பவையும் பெரும்பாலும் இவைதாம்.

ஒற்றை வழிப் பதிவை இரு பெட்டியில் ஒலிக்கச் செய்தால் பாடகர் இரண்டுக்கும் நடுவே, யாதொரு பெட்டியும் இல்லாத வெற்றிடத்தில், நின்று பாடுவதுபோல் தோன்றும். கேட்பவர் நாற்காலியைச் சற்று நகர்த்தினாலும் பாகவதரும் உடன் நகர்ந்துவிடுவார். இரு பெட்டியின் ஒலியும் செவியில் வெவ்வேறு கணத்தில் சேர்வதால் குரலின் நிறமும் சிறிது மாறும். இதற்கு ஒரே பெட்டியை இயக்குவது நேரான மருந்து. பழைய ஆம்பிளிபையர்கள் பலவற்றில் உள்ள ‘மோனோ’ விசையையும் தள்ளிவிட வேண்டும்; ஒற்றை வழித் தட்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளது. மேலும் கீழுமாக வருவது தூசியின் கூத்து. விசை அதனை அடக்கும். 78 சுற்றுத் தட்டுக்கு முனை பருத்த தனி முள் இன்றியமையாதது. இவ்வளவும் சில நூறு ரிங்கிட்டில் முடியும் காரியங்கள். பெட்டிக்குப் பல்லாயிரம் கொடுப்பவர் இவற்றை மறப்பது விந்தை.

பெட்டிகளைச் சோதிக்கும் முறையிலும் கடன் வாங்கிய செவியே ஆட்சி செய்கிறது. மேனாட்டு இதழ்கள் சொன்ன பியானோவும் வயலின் குழுவும் கொண்ட தட்டுகளே இங்கும் உரைகல். தமிழ்ச் செவிக்கு மிருதங்கத்தைவிடச் சிறந்த உரைகல் இல்லை. தோல்வாத்தியங்களின் மேலொலிகள் பொதுவாகச் சுருதியோடு இயையாதவை. வலந்தலையின் நடுவே இடும் கரணை அவற்றை இயைய வைக்கிறது என்பதைச் சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துக்காட்டி, 1934-இல் விரிவாகவும் எழுதினார். ஆகவே மிருதங்கத்தின் மீட்டு ஒலிக்கும்போது அதன் சுருதி தெளிவாக விளங்கவேண்டும். தொப்பியின் கும்காரம் எழுந்து வளைந்து அடங்கவேண்டும். பெட்டி தானே ‘கும்’ என்று முழங்கினால் எத்தனை பெரிய பெயர் பொறித்திருந்தாலும் அது தோற்றது.

இவ்வுரைகல்லில் சில பெயர் பெற்ற பெட்டிகளைத் தேய்த்துப் பார்க்கலாம். எட்கர் வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏ.ஆர். பெட்டி முற்றிலும் மூடியது. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாகிறது. தொப்பியின் ஒலி இதில் இறுக்கமாக வரும். பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வகுத்த எல்.எஸ். 3/5ஏ எனும் சிறு பெட்டி பேச்சுக் குரலை அளவுகோலாகக் கொண்டது; சுந்தராம்பாளின் உச்சரிப்பு அதில் எழுத்தெழுத்தாக விளங்கும், ஆனால் தவிலை அதனிடம் எதிர்பார்ப்பது அறமன்று. தம்புரா மட்டும் விதிவிலக்கு: ஒரு கட்டைச் சுருதியில் மந்தர ஷட்ஜத் தந்தி 65 அதிர்வை ஒட்டி இருந்தாலும், ஜீவா நூல் எழுப்பும் மேலொலிகளைக் கொண்டே செவி அதனை உணர்ந்துகொள்வதால் சிறு பெட்டியும் அதை ஏமாற்றாது. டானாய் நிறுவனம் 1947-இல் வெளியிட்ட இருமை ஒருமையக் கருவியில் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் ஒரே மையத்திலிருந்து புறப்படுகின்றன. ஒற்றைப் பெட்டியில் ஒற்றைக் குரல் கேட்க விழைவோர்க்கு இதனினும் பொருந்தியது அரிது.

ஜொகூரின் காற்று இவற்றுக்குப் பகை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் மண் இது. 1957-இல் வந்த குவாட் மின்நிலைப் பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் இயங்குவது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து வெடிப்பொலி கேட்கும். 1970களில் பல நிறுவனங்கள் கூம்பின் விளிம்புக்குப் பயன்படுத்திய பாலியூரிதேன் நுரைப்பஞ்சு ஈரத்தால் சிதைந்து விரல் பட்டால் பொடியாகும். டானாயின் 1974-ஆம் ஆண்டு எச்.பி.டி. வகையும் இதற்குத் தப்பவில்லை. அதற்கு முந்திய மடிப்புக் காகித விளிம்புகள் நெடிது நிற்கின்றன. நுரை விளிம்பை மாற்றினால் ‘அசல் தன்மை’ போய்விடும் என்று சிலர் அழுகிய விளிம்போடு பெட்டியைக் காட்சிக்கு வைக்கின்றனர். அது பாடாத குயிலைக் கூண்டில் வைப்பதை ஒக்கும். ‘அல்நிகோ’ காந்தத்தை வழிபடுவதும் இவ்வாறே. 1978-இல் ஜயர் நாட்டுக் கலகத்தால் கோபால்ட்டு விலை எகிறவே பல நிறுவனங்கள் பெரைட்டுக் காந்தத்துக்கு மாறின. அதே காலத்தில் கூம்பும் பெட்டியும் பலவற்றில் மாறிவிட்டன; ஒலி வேறுபட்டதற்குக் காந்தத்தை மட்டும் காரணமாக்குவது அவசரம்.

இவற்றினும் பெருங்குறை ஒன்று உண்டு. பெட்டிக்குத் துணி போர்த்திப் பாதுகாப்பவர் தட்டுகளைக் கட்டாகக் கட்டிப் படிக்கட்டின் அடியில் போடுகின்றனர். அரக்குத் தட்டு விழுந்தால் உடைவது. அதன்மேல் மற்றவற்றை அடுக்கினால் விரிசல் காண்பது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சாகிக் கடல் கடந்து தோட்டத்து வீடுகளுக்கு வந்த தமிழ்த் தட்டு உடைந்துபோனால், அதே பாட்டின் வேறொரு படி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஏ.ஆர். பெட்டிக்கோ டானாய்க்கோ உதிரிப் பாகம் உலகில் எங்கேனும் கிடைக்கும். தட்டை நிமிர்த்தி வைக்க ஒரு மர அலமாரி போதும். மேசை நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன மூவார் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

ஒரு பெட்டியே போதுமென்றால் மற்றொன்றை என் செய்வது என்று கேட்கலாம். அதனை விற்றுவிட வேண்டுவதில்லை. ‘பிரியா’ தட்டு கைக்கு வரும் நாளில் அதற்கும் வேலை இருக்கிறது.