தங்கத்தின் புகார்

ஆம்பூரில் தோழர்கள் சிலர் கூடிப் பேசுவதற்காக, சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலை (1989) மறுபடி வாசித்தேன். முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. நமக்காகப் போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிற காத்தமுத்துவையே இப்படி எழுதணுமா? கூட்டத்தில் ஆண் தோழர்களும் அதைத்தான் கேட்டார்கள்: 'எதிரி வாய்க்கு நாமே அவல் கொடுக்கணுமா?'

இந்த முறை என்னை நிறுத்தியது தங்கம். அடிபட்டு வந்து நிற்கிறாள், நடந்ததைச் சொல்கிறாள். காத்தமுத்து எழுத வைக்கிற புகாரோ வேறு. எது எடுபடும் என்று கணக்குப் போடுகிறார். வழக்கு அவளுடையது, வாக்கியம் அவருடையது. கடைசியில் அவர் வீட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தியாகிவிடுகிறாள்.

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 1996இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2016இல் அது பாதியானது. எண்ணிக்கை கூடியது. எங்கள் பக்கம் தலைவியைத் தேடிப் போனால் வீட்டுக்காரர்தான் வெளியே வந்து பேசுவார். 'படிப்பில்லை, தைரியமில்லை' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் விடிகாலையில் எங்கள் காலனி முனையில் வந்து நிற்கட்டும். ஷூ கம்பெனி பஸ் வரும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு வார்டு உறுப்பினர் என்னிடம் சொன்னாள்: 'மீட்டிங்குக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சுக்கா. அவரே போய்ட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.' அவளுக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னது? சூப்பர்வைசரிடம் அவள் போடுகிற சண்டையைக் கேட்டிருக்கிறேன்.

கணவன் பின்னால் நிற்பதாவது ஒரு வகை. ஆம்பூரை ஒட்டிய நாயக்கனேரி மலையில் நாற்காலியே கிடைக்கவில்லை. 2021 அக்டோபர் தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர் ஒரே ஒருவர், போட்டியின்றித் தேர்வானார். ஊர் அந்த ஒதுக்கீட்டையே எதிர்த்தது. விவகாரம் உயர்நீதிமன்றம் போனது, பதவியேற்பு நின்றது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் மலைவாழ் மக்கள். எண்ணிக்கையில் நாங்கள்தானே அதிகம் என்பது அவர்கள் வாதம்; அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒதுக்கீட்டைப் போட்டது அரசு. அதற்கு அந்தப் பெண்ணா பதில் சொல்வது?

இதையெல்லாம் கண்டிக்க நமக்குச் சுலபம், தோழர்களே. காத்தமுத்துவைப் பேசத்தான் நாக்கு எழவில்லை. சிவகாமி 'ஆசிரியர் குறிப்பு' (1997) எழுதித் தன் நாவலையே விசாரித்தவர். எனக்கும் அந்த நாவலோடு ஒரு வழக்கு உண்டு. மகள் கௌரி படித்து வெளியேறுவதில் அது நம்பிக்கை வைக்கிறது. தங்கம் அந்த வீட்டிலேயே நிற்கிறாள். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கௌரிகள் அல்ல.

இதைத்தான் அன்று கூட்டத்திலும் சொன்னேன். குறிப்பெடுத்தவர் ஒரு ஆண் தோழர். பிறகு வாங்கிப் பார்த்தேன். என் பேச்சு நாலு வரி. அதில் இரண்டு நான் சொல்லாதது.