ஆண்டு குறிக்காத மழை: ஒரு படகுப் பிரதியைக் குற்றாலத்திலிருந்து வாசித்தல்

ஆனி, ஆடியில் தென்காசிக்காரர்களிடம் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி, ‘தண்ணி விழுதா?’ என்பதுதான். ‘சொகமா இருக்கீகளா’ என்பதெல்லாம் அப்புறம். கேட்பவரின் கதையாடலில் குற்றாலம் என்பது ஜூனில் தோன்றி செப்டம்பரில் மறைந்துவிடும் ஊர். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் சாரல் நின்றபிறகு அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பது அதில் வராது. ‘சீசன்’ என்ற சொல்லுக்கு மாதங்கள் உண்டு; ஆண்டு கிடையாது. இந்த ஆண்டில்லாத காலம் எப்படி உற்பத்தியாகிறது என்று யோசிக்க வேறொரு மழைக்கரையைப் பற்றிய ஒரு பிரதி உதவுகிறது.

எம். வைலி பிளான்ஷே எழுதிய ‘தி கர்வ் ஆஃப் டைம்’ 1961இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் இறந்தும்போனார். கணவரை இழந்த அவர் கனடாவின் வான்கூவர் தீவில் இருந்த தன் வீட்டைக் கோடையில் வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து குழந்தைகளோடு ‘கப்ரீஸ்’ என்ற 25 அடி மோட்டார் படகில் ஏறி வடக்கே போய்விடுவார். மலைகளுக்குள் கடல் நுழைந்து கிடக்கும் கரை. தேவதாரு அடர்ந்த காடு. ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும். 1920, 30களில் இப்படிக் கழிந்த பல கோடைகளை ஒரே கோடைபோலக் கலந்து எழுதியிருக்கிறார்.

பிரதி எங்கே உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீரோட்டம் எந்நேரம் திரும்பும், நங்கூரம் பிடிக்குமா, எஞ்சின் ஏன் இருமுகிறது, பிள்ளைகளின் ஈரத் துணியை எங்கே உலர்த்துவது – இந்த இடங்களில் கடல் காட்சியாக இல்லை. கை வைக்க வேண்டிய பொருளாக இருக்கிறது. மழை பெய்தால் ஆறு பேர் ஒரு சிறு கூரைக்கடியில் முடங்கியாக வேண்டும். உழைப்பு இடையில் நிற்பதால் ‘அழகு’ என்ற சொல் லேசில் வாயில் வருவதில்லை. பெண் எஞ்சினைக் கழற்றி மாட்டுவதை அலட்டிக்கொள்ளாமல் எழுதிப்போகிற இந்தப் பக்கங்கள் நம் பயண நூல்கள் பலவற்றில் இல்லாதவை.

படகு பூர்வகுடிகளின் குளிர்காலக் கிராமங்களை அடைந்ததும் மொழி மாறிவிடுகிறது. குவக்குவக்கவக்கு மக்களின் நெடுவீடுகளும் செதுக்கிய தூண்களும் ஆளில்லாமல் நிற்கின்றன. தாயும் பிள்ளைகளும் உள்ளே போகிறார்கள். காலம் வளைகிறது, கடந்தது நிகழ்வதுபோலத் தோன்றுகிறது. நூலின் பெயருக்குக் காரணமே இந்த வளைவுதான். ஆனால் வீடுகள் ஏன் காலியாக இருந்தன? கோடை அம்மக்களுக்கு மீன்பிடிக் காலம். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் கூலி வேலைக் காலம். அவர்கள் செத்துப்போகவில்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். பயணியின் விடுமுறையும் ஊர்க்காரனின் உழைப்பும் ஒரே பருவத்தில் விழுந்ததால் கிடைத்த வெறுமை, தொன்மையின் வெறுமையாக வாசிக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கரைக்கு ஆண்டுகள் இருந்தன. 1862இல் பெரியம்மை ஊர் ஊராக அழித்தது. விருந்தும் கொடையும் ஆட்டமும் சேர்ந்த ‘பாட்லாட்ச்’ சடங்கு 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் நடந்த பெரும் பாட்லாட்சுக்காகப் பலர் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. பிளான்ஷேயின் படகு போய்க்கொண்டிருந்தது இந்தத் தடைக்காலத்தில்தான். கோடைகளை ஒன்றாக்கும் உத்தி தன் துக்கத்தை மறைக்கவும் அவருக்கு உதவியிருக்கலாம். கணவரின் மரணத்தைப் பற்றி நூல் ஏறக்குறைய மௌனம். ஆனால் தன் துக்கத்தின் தேதியை அழித்த கை, அடுத்தவர் துக்கத்தின் தேதியையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

இது ஒரு தனிமனுஷி மேல் குற்றப்பத்திரிகை இல்லை. வெள்ளைக்காரியின் பார்வை என்று முத்திரை குத்திவிட்டு நாம் நிம்மதியாக அருவிக்குக் குளிக்கப் போய்விடவும் முடியாது. நம்மிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ‘குற்றாலக் குறவஞ்சி’யில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள். ‘எங்கள் மலை’ என்று உரிமை கொண்டாடுகிற குரல் அது. அந்தக் குரலை எழுதியதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார், கொடுத்தது கவிராயருக்கு. மலையைச் சொந்தம் கொண்டாடிய குறத்தி இலக்கிய மரபில் தங்கிவிட்டாள். நிலம் எழுதியவர் பெயருக்குப் போயிற்று. பின்னால் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (மறைவு 1954) இந்தப் பாட்டுகளை ரசித்துச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைக்குக் காது உண்டாக்கினார். அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் ரசனை, சந்தம் எப்படி விழுகிறது என்று கேட்கும். பேசுகிறவள் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்காது. மேற்கு மலையில் இன்றும் வாழும் பளியர்கள் அந்தக் குறத்தி இல்லை. அவர்களுக்கு வேறு பெயர், வேறு வாழ்க்கை. பாட்டின் மலையை மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த வேறுபாடே தெரிவதில்லை. ஆளில்லா வீட்டுக்குள் நுழைவதில் நாமும் தேர்ந்தவர்கள்தான்.

ஐந்தருவிப் பாதையில் வெண்ணமடைக்குளத்தில் சீசனுக்குப் படகு விடுகிறார்கள். மிதிபடகில் ஒரு சுற்று சுற்றி, நனைந்து, ஏறிய இடத்திலேயே இறங்கலாம். பக்கத்தில் வயல். குளத்தில் தண்ணீர் ஏறுகிற அதே நாட்களில்தான் இந்தப் பக்கத்தில் கார் சாகுபடியும். சகதியில் நிற்கிறவருக்கும் படகில் இருப்பவருக்கும் ஒரே சாரல்தான் விழுகிறது. ‘நல்ல சீசன்’ என்று இருவரும் சொல்வார்கள். ஒரே பொருளில் அல்ல.

பறிபோன முகமூடிகளில் பெரும்பகுதியை அம்மக்கள் கேட்டுப் பெற்றார்கள். 1980இல் அலர்ட் பேயில் அதற்கென்று ஒரு பண்பாட்டு மையம் திறந்து ‘ஊமிஸ்டா’ என்று பேர் வைத்தார்கள். போனது திரும்பி வருவதைக் குறிக்கிற சொல் அது. காலம் தானாக வளைந்து அவை வந்துவிடவில்லை. வாதாடி, கடிதம் எழுதி, பல பத்தாண்டுகள் காத்திருந்து வந்தவை. பிளான்ஷேயின் நூலை இனி அந்த மையத்தின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடியும். குறவஞ்சிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? மலைவளம் பாடத் தெரிந்த நாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.