தண்டனை கேட்டவன்

‘மான்செஸ்டர் பை தி சீ’ (2016) படத்தின் உச்சம் ஒரு காவல் நிலைய அறையில் நிகழ்கிறது. கணப்பின் முன் தடுப்பை வைக்க மறந்துவிட்டு, குடிபோதையில் பீர் வாங்கக் கடைக்குப் போனதை நாயகன் லீ ஒளிக்காமல் சொல்கிறான். வீடு எரிந்து அவனுடைய மூன்று பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள். இது தவறுதான், குற்றமாகாது, நீங்கள் போகலாம் என்கிறார்கள் போலீசார். அவனால் நம்ப முடியவில்லை. வெளியே வந்தவன், ஒரு காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன் தலையில் வைக்கிறான். சட்டம் கொடுக்காத தண்டனையைத் தானே எழுதிக்கொள்ளப் பார்க்கிறான்.

அண்ணன் இறந்ததும் அவருடைய 16 வயது மகன் பேட்ரிக்கின் பொறுப்பு லீயிடம் வருகிறது. பையனின் அன்பு சித்தப்பாவைத் தேற்றிவிடும் என்றுதான் வழக்கமான படம் போகும். எழுதி இயக்கிய கென்னத் லோனர்கன் அந்தப் பக்கமே போகவில்லை. தன்னால் இதிலிருந்து மீள முடியாது என்று லீ சொல்கிறான். பையனை ஒரு குடும்ப நண்பரிடம் ஒப்படைக்கிறான். மீட்சியை மறுக்கும் இந்த நேர்மைக்காகவே இதை நான் பெரிய படம் என்பேன்.

பேட்ரிக்கின் துக்கமும் அப்படித்தான், எதிர்பாராத இடத்தில் உடைகிறது. பனியில் நிலம் இறுகிக் கிடப்பதால் வசந்தம் வரை அப்பாவைப் புதைக்க முடியாது. உடல் குளிர்பதன அறையில் இருக்கிறது. ஓர் இரவு ஃப்ரீசரைத் திறக்கிறான். உறைந்த கோழி இறைச்சி கீழே விழுகிறது. எடுத்து உள்ளே திணிக்கத் திணிக்க மீண்டும் சரிகிறது. அதுவரை நண்பர்கள், காதலிகள் என்று இயல்பாக இருந்தவன் மூச்சுத் திணறி நொறுங்குகிறான்.

இவ்வளவு அடக்கம் தெரிந்த இயக்குநர் தீ விபத்துக் காட்சியில் மட்டும் ஏன் தடுமாறினார்? லீயின் மனைவி ரேண்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஸ்ட்ரெச்சரின் கால்கள் மடங்க மறுக்கின்றன. அதுவே போதும். அல்பினோனியின் பெயரில் வழங்கும் அடாஜியோ இசையோ நிமிடக்கணக்கில் பொங்கி, நமக்குப் பதிலாகத் தானே அழுதுவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ரேண்டி. மறுமணம் செய்து, கைக்குழந்தையோடு தெருவில் லீயை எதிர்கொண்டு, அன்று பேசிய கொடுஞ்சொற்களுக்கு அவள் மன்னிப்புக் கேட்கும் காட்சியில் மிஷெல் வில்லியம்ஸ் உலுக்கிவிடுகிறார். ஆனால் அதே பிள்ளைகளை இழந்த தாய் எப்படி இன்னொரு வாழ்க்கைக்குள் நடந்து போனாள்? 137 நிமிடப் படம் அவளிடம் இதைக் கேட்கவேயில்லை. அவள் துயரம் லீயின் காயத்தை அளக்க மட்டுமே பயன்படுகிறது.